சித்தியின் வட்ஸ்அப் களவு போய்விட்டது, இப்போது என்ன செய்வது?

வாவிக்கரையான் | கல்லடி | ஞாயிறு இரவு 9.12

அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி களுதாவளையில் இருக்கிறார். இன்று பின்னேரம் அவருடைய கோயில் குழுவில் உள்ள ஓர் அக்காவின் எண்ணிலிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. "என்ர கோட் ஒன்று மாறி உங்கட போனுக்கு வந்திற்று, அந்த 6 இலக்கத்தையும் அனுப்பிவிடுங்கோ." தெரிந்த அக்காதானே என்று சித்தியும் அனுப்பிவிட்டார். இரண்டு நிமிடத்தில் அவருடைய வட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது.

ஒரு மணித்தியாலத்துக்குள் கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு, சித்தியின் படத்தோடும் பெயரோடும், "அவசரம், 40,000 ரூபாய் இந்தக் கணக்குக்குப் போடு, நாளைக்குத் தாறன்" என்று போயிருக்கிறது. அவர் போட்டுவிட்டார். கனடாவில் இருக்கும் மச்சாளுக்கும் அதே செய்தி. அவள் மட்டும் சந்தேகப்பட்டு எனக்கு அழைத்தாள். சித்தி எழுதவே மாட்டார், எல்லாம் குரல் பதிவுதான், அதுவும் "டியேய்" என்றுதான் தொடங்கும். "ஹலோ டியர்" என்று வந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

இப்போது சித்தியின் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து எண்ணைக் கொடுத்தால், 11 மணித்தியாலம் கழித்து முயற்சிக்கச் சொல்கிறது. சித்தி அழுதுகொண்டிருக்கிறார். யாராவது சொல்லுங்கள்.

செங்கலடிச் சந்தி | ஞாயிறு இரவு 9.27

பதறாதீர்கள் தம்பி. எண் களவு போகவில்லை. சிம் சித்தியின் போனில்தான் இருக்கிறது. சிம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் கோட் வரும், அதனால் கணக்கைத் திருப்பி எடுக்க முடியும்.

அந்த 11 மணித்தியாலம் ஏனென்றால், கொஞ்ச நேரத்துக்குள் பல தடவை கோட் கேட்டிருக்கிறார்கள். திருடனும் கேட்டிருப்பான், நீங்களும் பதற்றத்தில் கேட்டிருப்பீர்கள். இனி அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம், தட்டத் தட்டக் காத்திருக்கும் நேரம் கூடும். நாளைக் காலை ஒரே ஒரு தடவை கேளுங்கள், கோட் வந்ததும் போடுங்கள். போட்ட உடனே திருடன் வெளியேற்றப்படுவான்.

ஒரு விஷயத்துக்கு இப்போதே தயாராக இருங்கள். உள்ளே போன கையோடு அவன் தன்னுடைய 6 இலக்க பின் (PIN) ஒன்றை, அதாவது தானே தெரிவுசெய்த இரகசிய இலக்கத்தை, வைத்திருக்கக்கூடும். அப்படியென்றால் உங்கள் கோட்டைப் போட்ட பிறகும் அந்தப் பின்னைக் கேட்கும். தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 7 நாளும் சித்தியால் உள்ளே போக முடியாது, ஆனால் அவனாலும் முடியாது. அதுதான் முக்கியம்.

பழைய செய்திகளை அவன் படித்திருப்பானோ என்று சித்தி கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். அவை சித்தியின் போனுக்குள் இருப்பவை, எண்ணை மட்டும் எடுத்தவனுக்கு வராது. ஆனால் குழுக்கள் அவனுக்குத் தெரியும். அந்தக் கோயில் அக்காவுக்கும் இதுதான் நடந்திருக்கிறது, அடுத்தது சித்தி. இப்போதே உறவுக்காரர் எல்லோருக்கும் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள், கோயில் குழுவிலும் யாரையாவது அறிவிக்கச் சொல்லுங்கள். இது நாளைக்கு வேண்டாம், இன்று இரவே.

தோஹாவில் ஒருவன் | ஞாயிறு இரவு 9.41

ஊர் வாழைச்சேனை, இருப்பது இங்கே. மாமாவை உடனே தன் வங்கிக்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் போன கணக்கின் எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். திருடனின் செய்தியை அழிக்க விடாதீர்கள், படம் பிடித்து வைக்கட்டும். திரும்பக் கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் எதிர்ப் பக்கத்தில் எடுக்கும் முன் சொன்னால்தான் வாய்ப்பே உண்டு.

இன்னொன்று. "உங்கள் சிம்மில் கோளாறு, இந்த இலக்கத்தை அழுத்துங்கள்" என்று யாராவது அழைத்து, நட்சத்திரக் குறியோடு எதையாவது அழுத்தச் சொன்னார்களா என்றும் சித்தியிடம் கேளுங்கள். சிலர் அப்படித்தான் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடுகிறார்கள். கோட் குறுஞ்செய்தியாக வராமல் அழைப்பாக வந்தால் அது அவர்களுக்குப் போய்விடும். ##002# அழுத்தி அழைப்பு பட்டனைத் தட்டினால் எல்லாத் திருப்புதலும் ரத்தாகும்.

வாவிக்கரையான் | திங்கள் காலை 8.55

அழைப்பு எதுவும் வரவில்லையாம், ஆனாலும் அழுத்திவிட்டோம். காலையில் கோட் வந்தது, போட்டோம். சந்தி அண்ணன் சொன்னது போலவே பின் கேட்கிறது. 7 நாள். சரி, காத்திருப்போம்.

மாமாவின் பணம் போனது போனதுதான் போல. வங்கியில் முறைப்பாடு எழுதி எடுத்திருக்கிறார்கள். சித்தி "அந்தக் காசை நான் கட்டுறன்" என்று பிடிவாதம்.

ஓய்வு வாத்தியார் | திருக்கோவில் | திங்கள் காலை 10.20

தம்பிமார் எல்லோரும் நல்லாய்ச் சொன்னீர்கள். ஆனால் அடிப்படை என்னவென்றால் எம்மவர்கள் கடவுச்சொல்லை மாற்றுவதே இல்லை. பத்து வருடத்துக்கு முன் வைத்த அதே சொல். 3 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும், எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. நான் இருந்த அலுவலகத்தில் அப்படித்தான் விதி.

செங்கலடிச் சந்தி | திங்கள் பகல் 12.48

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். சித்திக்கு நடந்ததில் கடவுச்சொல்லுக்கு வேலையே இல்லை. அவர் எவ்வளவு கடினமான சொல் வைத்திருந்தாலும் கோட்டைக் கொடுத்த பிறகு ஒன்றுதான்.

3 மாதத்துக்கு ஒருமுறை என்பதும் பழைய விதி. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே அப்படிக் காலக்கெடு வைத்து மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்கிறது. கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்று, மற்றபடி நீளமாக வை. காரணம் உங்கள் அலுவலகத்திலேயே தெரிந்திருக்கும். மாற்றச் சொன்னால் சனம் என்ன செய்யும்? கடைசி இலக்கத்தை 1இலிருந்து 2 ஆக்கும்.

உண்மையான ஆபத்து ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைப்பது. நீங்கள் எப்போதோ சேர்ந்து மறந்துபோன ஒரு சின்னத் தளம் உடைபட்டால், அங்கே கிடைத்த மின்னஞ்சலையும் சொல்லையும் எடுத்து ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஆள் இருக்கத் தேவையில்லை, நிரலே செய்துவிடும். ட்ரொய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இல் தொடங்கிய 'ஹாவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்தக் கசிவில் அது அகப்பட்டிருக்கிறது என்று காட்டும்.

ஓய்வு வாத்தியார் | திங்கள் பிற்பகல் 2.05

பார்த்தேன். நான்கு இடத்தில் இருக்கிறது. சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடத்துக்கு ஒரு சொல் என்றால் எழுபது வயதில் எப்படி ஞாபகம் வைப்பது? எழுதவும் கூடாது என்றால்?

அக்கரைப்பற்றுக் கடைக்காரன் | திங்கள் பிற்பகல் 2.31

எழுதி வையுங்கள் சேர். கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். எங்கேயோ இருக்கும் கள்ளன் உங்கள் அலுமாரியைத் திறக்கத் திருக்கோவிலுக்கு பஸ் ஏறப்போவதில்லை. போனுக்குள் 'பாஸ்வேர்ட்' என்று பெயர் வைத்துப் போட்டோ எடுத்து வைக்கிறார்களே, அதைவிடக் கொப்பி ஆயிரம் மடங்கு மேல். மாரி வெள்ளத்துக்கு உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற பை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்குமே, அதற்குள் போடுங்கள்.

நிந்தவூர் ராத்தா | திங்கள் மாலை 5.16

அலுமாரிக் கொப்பி தனியாக இருக்கிற வாத்தியாருக்குச் சரி. எல்லோருக்கும் சரி இல்லை.

நீங்கள் எல்லோரும் கள்ளன் வெளியில் இருந்து வருகிறான் என்றே பேசுகிறீர்கள். நான் பார்த்த பிள்ளைகளின் கதை வேறு. ஒரு பிள்ளையின் வட்ஸ்அப்பை அவள் குளிக்கப் போன நேரம் எடுத்து, இன்னொருவர் தன் லப்டொப்பில் இணைத்துவிட்டார். இணைத்தவர் சொந்த வீட்டு ஆள். மாதக் கணக்கில் அவள் எழுதியது எல்லாம் அங்கேயும் விழுந்திருக்கிறது. இதற்குக் கோட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். போன் பூட்டு இல்லாமல் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் போதும்.

பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். ஒரு கணக்கோடு நாலு சாதனம் வரை இணைக்கலாம், உங்கள் போன் அணைந்திருந்தாலும் அவை வேலை செய்யும். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வெளியேற்றுங்கள். வெளியேற்றினால் அந்த ஆளுக்கு விளங்கும். வீட்டில் அடி விழும் என்ற பயம் இருந்தால் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

செங்கலடிச் சந்தி | திங்கள் மாலை 6.02

ராத்தா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

சட்டப்படியும் அது குற்றம்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டே ஒருவரின் கணினிக்குள் நுழைவதற்கு 5 வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. கணவன், அண்ணன் என்று அதில் விலக்கு எதையும் நான் பார்க்கவில்லை.

நிந்தவூர் ராத்தா | திங்கள் மாலை 6.10

சட்டம் இருக்கிறது தம்பி. பொலிசுக்குப் போகிற பிள்ளை எத்தனை பேர்?

தோஹாவில் ஒருவன் | திங்கள் இரவு 10.37

வேலை முடிந்து வந்து வாசித்தேன். என் கதையைச் சொல்கிறேன், எம் ஊரில் வெளிநாட்டுக்குப் போய் வருகிற எல்லோருக்கும் இது உதவும்.

முதல் தடவை இங்கே வந்தபோது பேஸ்புக், ஜிமெயில் எல்லாவற்றுக்கும் இந்த ஊர் எண்ணைக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனேன். சிம்முக்கு ரீலோட் போட யாரும் இல்லை, எண் செத்துவிட்டது. செத்த எண்ணை நிறுவனம் புதைத்துவிடாது, கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்கு விற்றுவிடும். வாழைச்சேனையில் இருந்துகொண்டு பேஸ்புக் கடவுச்சொல்லை மறந்து 'கோட் அனுப்பு' என்றபோது, அந்தக் கோட் தோஹாவில் முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவம், அந்த ஆள் கெட்டவர் இல்லை, எடுக்கவே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் கணக்கு அவருடையது. மகள் பிறந்த படங்கள் எல்லாம் அந்த பேஸ்புக்கில்தான் இருந்தன. போய்விட்டன.

ஜிமெயிலை மட்டும் காப்பாற்றினேன். எப்படியென்றால், திரை உடைந்த பழைய போன் ஒன்றை உம்மா எறியாமல் வைத்திருந்தார். அதில் அந்த ஜிமெயில் திறந்தபடியே கிடந்தது. பழக்கப்பட்ட சாதனத்தில் இருந்து கேட்டால் கூகுள் ஓரளவு நம்பும். அதற்குள் போய் மீட்பு எண்ணை மாற்றினேன்.

அதனால் விமானம் ஏறுமுன் பெட்டி கட்டுகிற நாளிலேயே எண்களை மாற்றுங்கள். கடைசி நாளில் செய்யாதீர்கள், மாற்றிய பிறகும் 7 நாள் வரை கூகுள் பழைய எண்ணுக்குக் கோட் அனுப்பும் வாய்ப்பு உண்டு. இன்னும் நல்லது எண்ணையே நம்பாமல் இருப்பது. கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற அப் ஒன்றில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கம் வரும். அதற்கு சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். தொடக்கத்தில் ஒரு இரகசிய எண்ணை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும், பிறகு மணிக்கூட்டைப் பார்த்து இருபக்கமும் ஒரே கணக்கைப் போடும், அவ்வளவுதான். பாலைவனத்துக்குள் நின்றாலும் வேலை செய்யும்.

வாவிக்கரையான் | செவ்வாய் காலை 7.30

அண்ணன், போன் வாவிக்குள் விழுந்தால்? கல்லடிப் பாலத்தில் செல்பி எடுக்கப்போய் ஒருவன் போட்டதை என் கண்ணால் கண்டவன் நான்.

செங்கலடிச் சந்தி | செவ்வாய் காலை 9.14

அதற்குத்தான் கூகுள் 10 காப்புக் குறியீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பாவிக்கலாம். கையால் எழுதி அந்த வெள்ளப் பைக்குள் போடுங்கள். தயவுசெய்து கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் பிரின்ட் எடுக்க வேண்டாம் :)

அக்கரைப்பற்றுக் கடைக்காரன் | செவ்வாய் காலை 11.50

சந்தி தம்பி சிரிப்புக் குறி போட்டாலும் குத்தியது குத்தியதுதான். பரவாயில்லை, நானே பேச நினைத்த விஷயம்.

பதின்மூன்று வருடமாகக் கொமினிகேஷன் நடத்துகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் பதிய, பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு, புதுப் போன் வாங்கியதும் பிளே ஸ்டோர் திறக்க, எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் வேண்டும். வருகிறவருக்கு அது என்னவென்றே தெரியாது. வரிசையில் இன்னும் ஐந்து பேர். போன் எண்ணைக் கேட்டால் "சிம் வீட்டில் கிடக்கு தம்பி" என்பார். என்ன செய்வேன்? என் எண்ணைப் போட்டுத் திறந்துவிடுவேன். கடவுச்சொல்லும் நானே வைப்பேன், எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சொல், இல்லாவிட்டால் அடுத்த முறை வரும்போது எனக்கு ஞாபகம் இருக்காது. துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தால் வெற்றிலைப் பைக்குள் வைத்துத் தொலைத்துவிடுவார்கள். அப்புறம் என்னிடமே வருவார்கள், "நீங்கதானே போட்ட நீங்க" என்று.

நான் களவெடுக்கவில்லை. ஆனால் என் கொப்பி ஒன்று தொலைந்தால் பாதிச் சந்தையின் கணக்குகள் போகும் என்பது இந்த இழையை வாசித்த பிறகுதான் உறைத்தது. கடையில் வேலை செய்துவிட்டுப் போன பெடியன்களும் தங்கள் எண்ணைப் போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இப்போது எங்கே என்று எனக்கே தெரியாது.

நேற்றிலிருந்து சிம் கையில் இல்லாவிட்டால் திறந்து கொடுப்பதில்லை. இரண்டு பேர் திட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஓய்வு வாத்தியார் | செவ்வாய் பகல் 12.22

என்னுடையதும் கடையில் திறந்ததுதான். மீட்பு எண் எங்கே பார்ப்பது?

செங்கலடிச் சந்தி | செவ்வாய் பகல் 12.40

போனில் செட்டிங்ஸ், அதற்குள் கூகுள், உங்கள் கணக்கை நிர்வகிக்கும் இடம், அதில் பாதுகாப்பு. கீழே இறங்கினால் மீட்பு தொலைபேசி, மீட்பு மின்னஞ்சல் இரண்டும் இருக்கும். உங்கள் எண் இல்லையென்றால் மாற்றுங்கள். இதே இடத்தில் எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்றும் காட்டும்.

எல்லோரும் பேஸ்புக்கைத்தான் காக்கப் பார்க்கிறார்கள். பேஸ்புக்கின் சாவி மின்னஞ்சலில், மின்னஞ்சலின் சாவி மீட்பு எண்ணில். அந்த எண் யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று பார்க்காமல் கடவுச்சொல்லுக்கு வால் சேர்த்து என்ன பயன்?

ஓய்வு வாத்தியார் | செவ்வாய் பிற்பகல் 1.15

மாற்றிவிட்டேன். இருந்தது என் மருமகனின் பழைய எண். அவருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நல்ல காலம்.

நடத்துநர் | செவ்வாய் பிற்பகல் 3.00

கணக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லி இந்த இழையில் தன் எண்ணைப் போட்ட ஒருவரின் பதிவை நீக்கியிருக்கிறேன். பணம் கேட்டு மீட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகவேண்டாம். உதவி வேண்டுமென்றால் கணினி அவசர உதவிக்கான அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள்.

வாவிக்கரையான் | அடுத்த திங்கள் இரவு 8.44

7 நாள் முடிந்தது. சித்தி உள்ளே போய்விட்டார். இரண்டு கட்டச் சரிபார்ப்பில் அவருக்கு ஒரு பின் வைத்தோம், மறந்தால் எடுக்க என் மின்னஞ்சலும் கொடுத்தோம். முதல் குரல் பதிவு கனடா மச்சாளுக்கு, "டியேய்" என்றுதான் தொடங்கியது. மாமாவின் பணத்துக்கு இன்னும் பதில் இல்லை. சித்தி மாதம் 5,000 கட்டுவதாக முடிவாகியிருக்கிறது, மாமா வேண்டாம் என்கிறார், இவர் கேட்பதாக இல்லை.

அப்புறம் கடைக்கார அண்ணன் எழுதியதை வாசித்துவிட்டுச் சித்தியின் ஜிமெயிலையும் பார்த்தேன். பேஸ்புக்கும் வங்கிக் கடிதங்களும் பழைய ஜிமெயில் ஒன்றில். அது இந்தப் போனில் இல்லை, புதுப் போன் வாங்கியபோது கடையில் வேறொன்று புதிதாகத் திறந்து கொடுத்துவிட்டார்கள். பழையதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கோட் அனுப்பவா என்று கேட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது, 47. எங்கள் வீட்டில் 47இல் முடியும் எண்ணே இல்லை.

மூன்று நாள் தேடினோம். களுவாஞ்சிகுடிக் கடையில் அப்போது நின்ற பெடியன், இப்போது கல்முனையில் வேறு வேலை. நல்ல காலம், அதே சிம்தான் இன்னும் பாவிக்கிறான். நேற்று நான் அழைத்துவிட்டுக் கோட்டை அனுப்பினேன். அவன் அழைப்பில் இருந்தபடியே 6 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தான், நான் தட்டினேன், திறந்தது.

பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி கேட்டார்: "ஏன்டா, கோட் ஒருவருக்கும் சொல்லக் கூடாதெண்டு ஒரு கிழமையா எனக்கு ஏசின நீங்க, அந்தப் பெடியன் மட்டும் சொல்லலாமா?"

நிந்தவூர் ராத்தா | அடுத்த திங்கள் இரவு 9.05

நீ என்ன சொன்ன தம்பி?

வாவிக்கரையான் | அடுத்த திங்கள் இரவு 9.11

தேத்தண்ணி போடச் சொன்னேன்.